விரிப்பின் மறுமுனை

மார்ச் 3, திங்கள்

இன்று வெள்ளைத்துணி அறைக்குள் ஒளிந்துகொண்டு சாப்பிட்டேன். இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது? அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஐம்பத்திரண்டு வயது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்குப் புது மேற்பார்வையாளர். இடுப்பில் அத்தனை சாவியும் தொங்குகிறது. இப்படிப்பட்டவள் தலையணை உறை அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து திருடி மாதிரி தின்கிறாள். என் டப்பா மூடி திறக்கும்போது கிறீச்சென்று கத்தும். அந்தச் சத்தம் வெளியே கேட்காமல் இருக்க, ஒரு துண்டைப் போட்டுப் பொத்தித் திறந்தேன். விக்கல் வேறு வந்து தொலைத்தது. அதையும் துண்டால் பொத்தினேன்.

பெரிய காரணம் ஒன்றும் இல்லை. இந்த அறைக்கு வெளியே, கதவை ஒட்டித்தான் சாப்பாட்டு மேசை இருக்கிறது. நான் அங்கே போனால் பேச்சு நின்றுவிடுகிறது. என் சாவிச் சத்தம் தூரத்தில் கேட்டாலே போதும், கரண்டு போன மாதிரி எல்லா வாயும் அணைந்துவிடுகிறது.

இன்று என் பழைய கூட்டாளி நெட்டை எழுந்து நின்று இடம் கொடுத்தாள். "உட்காருங்க மேடம்."

மேடமாம். இத்தனை வருஷமாக "அடியே குட்டை" என்று கூப்பிட்ட வாய்!

மார்ச் 5, புதன்

கால் வலி, தூக்கம் வரவில்லை. பழசெல்லாம் நினைவுக்கு வருகிறது.

நானும் நெட்டையும்தான் விரிப்பு மடிக்கும் ஜோடி. உருளை இஸ்திரியிலிருந்து படுக்கை விரிப்பு சுடச்சுட இறங்கும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, இழுத்து உதறி, நெருங்கி வந்து முனையோடு முனை சேர்த்து, மறுபடி விலக வேண்டும். அவள் தென்னை, நான் கத்தரிச்செடி. அதனால் விரிப்பு எப்போதும் சரிவாகத்தான் நிற்கும். "உன் பக்கம் மழை பெஞ்சா என் பக்கம்தான்டி வெள்ளம்" என்பேன். கதையும் அப்படித்தான் ஓடும். நெருங்கும்போது ஒரு வரி, விலகும்போது ஒரு வரி. அவள் மாமியார் சங்கதியை மட்டும் முனையோடு முனை சேரும் நேரத்தில்தான் சொல்வாள், அடுத்த ஜோடி காதில் விழாமல்.

அவள் மகன் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்த வாரம் ஒரு வார்த்தை பேசவில்லை. நெருங்கும்போதெல்லாம் என் விரலை ஒரு அழுத்து அழுத்திவிட்டு விலகினாள். அவ்வளவுதான். நான் மனதுக்குள் அவனுக்காக வேண்டிக்கொண்டே மடித்தேன். அந்த வார விரிப்பு அத்தனையிலும் என் வேண்டுதல் மடிந்து போயிருக்கும். பையன் பிழைத்தான். இன்றைக்கு அவன் லாரி ஓட்டுகிறான். என்னைப் பார்த்தால் "குட்டை சித்தி" என்பான்.

மேற்பார்வையாளர் மடிக்கக் கூடாது, மேற்பார்வைதான் பார்க்க வேண்டும் என்று முதல் நாளே நானாகச் சட்டம் போட்டுவிட்டேன். பெரிய மனுஷி ஆகிவிட்டேனாம்.

மார்ச் 6, வியாழன்

எனக்கு முன்னால் இந்த இடத்தில் இருந்த அம்மாவுக்குக் 'கஞ்சி மேடம்' என்று பேர் வைத்தவளே நான்தான். கஞ்சி போட்ட கோட்டு மாதிரி அப்படி ஒரு விறைப்பு. தினமும் மத்தியானம் இந்த வெள்ளைத்துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். "உள்ளே மெத்தை போட்டுத் தூங்குது" என்பாள் நெட்டை. "இல்லடி, சிரிச்சுப் பழகுது. இன்னும் வரமாட்டேங்குது" என்பேன் நான். மேசையே அதிரும்.

சலவைக்கூடத்தில் எல்லாருக்கும் பேர் வைத்தது நான். இப்போது எனக்கும் ஒன்று கட்டாயம் வைத்திருப்பார்கள். என்னவாக இருக்கும்? யாரும் சொல்ல மாட்டார்கள். நான் சொன்னேனா கஞ்சி மேடத்திடம்?

மார்ச் 10, திங்கள்

அடுத்த மாதம் மாடியில் புது வார்டு திறக்கிறார்களாம். வேலை ஒன்றரைப் பங்காகும். ஆள் அதே ஆள்தான். மேலாளர் சார் சின்னப் பையன், நல்ல பிள்ளை. ஆனால் ஒரு வார்த்தை சொன்னார்: "எது குறைஞ்சாலும் நீங்கதாம்மா பொறுப்பு." இந்த வார்த்தை சாவிக்கொத்தைவிடக் கனமாக இருக்கிறது.

அதனால் சோப்பு அறை, வெள்ளைத்துணி அறை, இயந்திர அறை எல்லாவற்றையும் நானே திறக்கிறேன், நானே பூட்டுகிறேன். நாள் முழுக்க மேலும் கீழும் ஓட்டம். ராத்திரி கண்ணை மூடினால் தள்ளுவண்டி ஓடுகிறது.

வீட்டுக்காரர் முடி திருத்துகிறவர். வாய்க்குப் பூட்டே கிடையாது. "சாவியைக் கழட்டி வச்சுட்டுப் படு. நீ புரண்டா நம்ம பூனை ஓடி ஒளியுது" என்கிறார்.

ஆண்டவரே, எனக்கு இன்னும் இரண்டு கை கொடும். வேறொன்றும் கேட்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

இன்று முழுக்க ஒரு கேலிகூடப் பேசவில்லை. காய்ச்சலோ என்று வீட்டுக்காரர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மார்ச் 18, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் மேலாளர் மாடிக்குக் கூப்பிட்டார். போனேன். அவருக்கு ஏதோ போன் வந்ததால், வெளியே பெஞ்சியில் காத்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் எல்லாச் சாவியும். கீழே வெள்ளைத்துணி அறை பூட்டிக் கிடக்கிறது. அந்த நேரம் பார்த்துப் பிரசவ வார்டில் விரிப்பு தீர்ந்துவிட்டது. நர்ஸ் ஓடி வந்திருக்கிறார். அப்போதுதான் பிள்ளை பெற்றவள் நனைந்த விரிப்பில் நடுங்கிக்கொண்டு கிடக்கிறாளாம். பூட்டின கதவுக்குப் பின்னால் கூரை முட்ட வெளுத்த விரிப்பு. எடுக்க வழி இல்லை.

நர்ஸ் போட்ட சத்தமெல்லாம் நெட்டைக்குத்தான். அவள் பூட்டைக் கம்பியால் நெம்பிப் பார்த்து உள்ளங்கைத் தோலைக் கிழித்துக்கொண்டாள். கடைசியில் உலர்த்தும் இயந்திரத்திலிருந்து இஸ்திரி காணாத விரிப்பை உருவி, அந்தக் கையோடு ஓடினாளாம்.

நான் இறங்கி வந்தபோது கையில் துணி சுற்றிக்கொண்டு நின்றாள்.

"ஐயோ, என்னடி ஆச்சு கையில?"

"ஒண்ணுமில்ல மேடம். சாவி உங்க இடுப்புல, ஏச்சு எங்க தலையில. நல்ல பங்குதான்."

மற்றவர்கள் குனிந்து துணியை எண்ணினார்கள்.

நான் என்னத்துக்குப் பூட்டினேன்? துணி காணாமப் போயிடும்னா? இவளுங்களா எடுப்பாளுங்க? இத்தன வருஷம் ஒண்ணாத் தின்னு வளர்ந்த கூட்டம். இல்ல — எம் பேரு கெட்டுடும்னுதான் பூட்டினேன். வேற ஒண்ணுமில்ல. அந்தப் பொண்ணு ஈரத்துல கெடந்தாளே. பச்ச உடம்பு.

எனக்கு இந்த வேலை வேண்டாம். நாளைக்கே சாரிடம் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 19, புதன்

சொல்லத்தான் போனேன். சார் இன்று விடுப்பு. கோழை கும்பிடப் போனால் கோயிலும் சாத்திக் கிடக்கும் போல.

மத்தியானம் மறுபடி வெள்ளைத்துணி அறை. சாப்பிட மனமில்லை. கீழ்த்தட்டின் ஓரத்தில், கிழிந்த உறைகளுக்குப் பின்னால், ஒரு பழைய பஞ்சுத் தலையணை கிடந்தது. தூசி தட்டலாமே என்று இழுத்தேன். நடுவில் பக்கத்துப் பக்கமாக இரண்டு பள்ளம்.

தலை வைத்துத் தூங்கினால் ஒரு பள்ளம்தான் விழும்.

அதைத் தரையில் போட்டு இரண்டு முட்டியையும் வைத்தேன். பொருந்தியது. கஞ்சி மேடம் உள்ளே வந்து தூங்கவும் இல்லை, சிரித்துப் பழகவும் இல்லை. வெளியே நாங்கள் மேசை அதிரச் சிரித்தபோது, கதவுக்கு இந்தப் பக்கம் இப்படி முட்டி போட்டு வேண்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒரு நாளாவது "வாங்க, எங்ககூடச் சாப்பிடுங்க" என்று நான் கூப்பிட்டிருக்கலாம்.

வேண்டுதல் என்று உட்கார்ந்தால் எனக்கு அழகாகப் பேச வராது. வாயில் வந்ததைச் சொன்னேன். "ஆண்டவரே, எனக்கு மேலயாவது ஒரு சார் இருக்கார். உமக்கு மேல யாரு? நீரு சாப்பிட வந்தா எல்லாரும் எழுந்து நிப்பாங்களே, நீரு யாரு பக்கத்துல உக்காருவீரு?"

சொல்லிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. எத்தனையோ நாள் கழித்து வந்த முதல் கேலி, அதுவும் அவரிடம். அவர் கோபித்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. பிறகு அழுதேன். துண்டு வைத்துப் பொத்தவில்லை.

எப்படிச் சொல்வது? விரிப்பு மடிக்கிறவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டாலும் எதிரே ஆள் இருக்கிறதா இல்லையா என்று கைக்கே தெரிந்துவிடும். நான் இழுத்தால் விரிப்பு தொய்யாமல் நிற்கும். இன்று அப்படித்தான் இருந்தது. மறுமுனையை யாரோ பிடித்திருந்தார்கள். எவ்வளவு நாளாகப் பிடித்திருந்தார்களோ, நான்தான் இழுத்துப் பார்க்கவில்லை.

எழுந்திருக்கும்போது முட்டி மளுக்கென்றது. ஆனால் ஒன்று மனதில் நின்றது. மழையைக்கூட அவர் தன் கையால் ஊற்றுவதில்லை, மேகத்திடம் கொடுத்துத்தான் பெய்ய வைக்கிறார். நான் மட்டும் என்னத்துக்கு எல்லாக் குடத்தையும் நானே தூக்குகிறேன்? இரண்டு கை கேட்டேன். கூடத்தில் அத்தனை கை கிடக்கிறது.

மார்ச் 20, வியாழன்

வேலை தொடங்குமுன் எல்லாரையும் கூப்பிட்டேன். பேச வேண்டியதை ராத்திரி யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது.

"எனக்குத் தனியாச் சமாளிக்கத் தெரியல. பயந்துபோய்தான் பூட்டினேன். நெட்டை கை கிழிஞ்சது என்னாலதான்" என்றேன். பிறகு கொத்தை அவிழ்த்துப் பாதியைக் கழற்றினேன். சோப்பு அறைச் சாவி துவைக்கும் அண்ணனுக்கு. வெள்ளைத்துணி அறை நெட்டைக்கு. "ஒண்ணே ஒண்ணு. சாப்பாட்டு மணி அடிச்சா அவங்கவங்க அறையைப் பூட்டிட்டுத்தான் நகரணும்."

அண்ணனுக்குக் காது மந்தம். "யாரு போயிட்டாங்க?" என்று கேட்டார், ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்து. ஒருத்தி மூக்கால் சிரித்தாள்.

நெட்டை சாவியை வாங்கிக்கொண்டாள். "சரிங்க மேடம்."

மார்ச் 24, திங்கள்

இன்னும் மேடம்தான். இருக்கட்டும். சாப்பாட்டு மணிக்கு முன்னால் வெள்ளைத்துணி அறையில் முட்டி போட்டேன். கொஞ்சம் முறையிட்டேன், நிறையப் பேசினேன். இடுப்பு லேசாக இருக்கிறது.

மார்ச் 28, வெள்ளி

புது வார்டுக்கு முதல் சுமை இன்று. விரிப்பு மலையாகக் குவிந்துவிட்டது. நெட்டையின் புது ஜோடிப் பெண் வயிற்று வலி என்று வீட்டுக்குப் போய்விட்டாள். நெட்டை ஒரு முனையை மேசை விளிம்பில் செருகி, மறுமுனையை இழுத்து, கட்டுப் போட்ட கையோடு தனியாக மடித்துக்கொண்டிருந்தாள். விரிப்பு நழுவி நழுவி விழுந்தது.

போய் மறுமுனையைப் பிடித்தேன்.

"மேற்பார்வையாளர் மடிக்கக் கூடாதாமே" என்றாள், என்னைப் பார்க்காமலே.

"யாரு சொன்னா?"

"நீங்கதான்."

"நான் சொன்னதை நீ எப்ப கேட்டிருக்கே?"

உதறினோம். நெருங்கினோம். முனையோடு முனை சேர்ந்தது. விலகினோம். இரண்டாவது விரிப்பு, மூன்றாவது. எத்தனையாவதோ தெரியாது. நெருங்கும்போது என் விரலை ஒரு அழுத்து அழுத்தினாள்.

"அடியே குட்டை," என்றாள், "நேராப் பிடி. உன் பக்கம் தரையைக் கூட்டுது."

"உன்னை யாருடி இவ்வளவு உயரத்துல போய் நிக்கச் சொன்னது?"

கண் கலங்கியதால் அந்த விரிப்பின் மடிப்பு கோணலாகிவிட்டது. அப்படியே அனுப்பினோம்.

ஏப்ரல் 4, வெள்ளி

பகல் வேளை. வெள்ளைத்துணி அறைக்குள்ளிருந்து எழுதுகிறேன். நாட்குறிப்பு மேலங்கிப் பையில் இருந்தது. இப்போதெல்லாம் சாப்பாடு எல்லாரோடும்தான், டப்பா வெளியே மேசையில் இருக்கிறது.

சாப்பாட்டு மணி அடித்தது. நெட்டை வந்து கதவைப் பூட்டிவிட்டுப் போனாள். சொன்னதைச் சொன்னபடி செய்யும் பெண். நான் அடுக்குக்குப் பின்னால் முட்டி போட்டிருந்தது அவளுக்குத் தெரியாது. இந்த அறையின் சாவி என்னிடம் இல்லை. கொடுத்துவிட்டேன்.

மேசைப் பேச்சு நன்றாகக் கேட்கிறது.

"எங்கடி நம்ம அரைக்கொத்து? அவளை விட்டுட்டுச் சாப்பிட முடியாதே." நெட்டையின் குரல்.

ஆக, இதுதான் என் பேர். சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் 'சாவிக்கொத்து' என்றிருந்ததாம். பாதியைக் கொடுத்ததும் இப்படி மாற்றிவிட்டார்கள் என்று அவளே இப்போது விளக்கிக்கொண்டிருக்கிறாள், துவைக்கும் அண்ணனுக்கு, இரண்டு தடவை, உரக்க.

இப்போது நான் பேசின மாதிரி பேசிக் காட்டுகிறாள். "எனக்குத் தனியாச் சமாளிக்கத் தெரியல" என்று மூக்கை உறிஞ்சுகிறாள். மேசை அதிர்கிறது. நான் அவ்வளவு மூக்கை உறிஞ்சவில்லை. மற்றபடி சரியாகத்தான் இருக்கிறது. முடிக்கட்டும், பிறகு தட்டலாம் என்று தலையணைமேல் உட்கார்ந்திருக்கிறேன்.

வெளியே ஒரு டப்பா திறந்தது. கிறீச்சென்று கத்தியது. என்னுடையதுதான்.