தங்கத்துக்கு எவ்வளவு வாடகை

பிப்ரவரி 3, திங்கள்

அடித்தளத்தில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அளந்துவிட்டேன். இரும்புப் பெட்டி தாராளமாக நிற்கும். காகித ஆலையில் இருபத்தாறு வருடம் உழைத்துச் சேர்த்த ஓய்வுக்காலப் பணத்தைத் தங்கக் காசாக மாற்றினால் பெட்டி இலவசமாம். யாரும் என்னை வலைபோட்டுப் பிடிக்கவில்லை. தொலைக்காட்சியில் பார்த்த எண்ணுக்கு நானே அழைத்தேன். விற்பனைக்காரன் பெயர் டெரிக்.

"உங்க தங்கம், உங்க வீடு, சார். வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டுடுங்க."

அந்த 'சார்' மிகவும் பிடித்துவிட்டது. இந்த வீட்டில் அப்படி யார் கூப்பிடுகிறார்கள்?

பிப்ரவரி 4

மனைவி சோல்வெய்க்கிடம் சொன்னேன். திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். இவள், "அப்படியா? வித்தியாசமாத்தான் இருக்கு" என்றாள். எங்கள் மினசோட்டா மாநிலத்துக்காரி வாயில் அதற்குப் பொருள்: உனக்குப் புத்தி பிசகிவிட்டது.

"தங்கத்தைப் பாதுகாக்க மத்தவங்க எவ்வளவு வாங்குறாங்கன்னு சும்மா கேட்டு வைக்கட்டுமா?"

"வீட்லயே வைக்கப்போறோம். பாதுகாக்க எதுக்குக் காசு?"

"சும்மாதான், கர்ட்."

பிப்ரவரி 5

இன்று நான் பார்த்த ஆட்டத்தை ஹாக்கி மைதானத்தில்கூடப் பார்த்ததில்லை.

ஓய்வுக்காலத் தங்கக் கணக்குகளைப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றை சோல்வெய்க் ஸ்பீக்கரில் போட்டு அழைத்தாள். எடுத்த பெண் வருடத்துக்கு இருநூற்று எண்பது டாலர் என்றாள். "வேற எதுவும் இல்லையே?" "இல்லைங்க." "ரொம்ப நன்றிம்மா, வச்சுடறேன்."

எங்கள் ஊரில் விடைபெறுவதுதான் பேச்சின் ஆரம்பம். வாசலில் நின்று ஒரு மணி நேரம், கார் கண்ணாடியை இறக்கி இன்னும் அரை மணி. ஃபோனில் இருந்த பெண் பாவம், எந்த ஊரோ, அவளுக்கு இது தெரியவில்லை. இரண்டாவது 'வச்சுடறேன்'-இல், நம் காசைத் தனிப் பெட்டியில் வைக்கக் கூடுதல் கட்டணம் வெளியே வந்தது. எங்கள் ஊர் அடுப்புச் சாப்பாடான உருளைக்கிழங்கு ஹாட்டிஷுக்குச் செய்முறை சொல்லி முடித்து சோல்வெய்க் மூன்றாவது தடவை விடைபெற்றபோது, கணக்கை மூடுவதற்கும் கட்டணம் உண்டு என்றாள் அந்தப் பெண். நான்காவதில் குரல் தாழ்ந்தது:

"நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. பெரிய தொகைன்னா எங்க கட்டணம் சரி. உங்களோடதுக்கு நூத்துக்கு இவ்வளவுன்னு வாங்குற இடமாப் பாருங்க."

சொந்தக் கடையைவிட்டு வேறு கடைக்கு அனுப்பிவிட்டாள்! என் காபி ஆறிப்போயிருந்தது.

பிப்ரவரி 6

இன்னும் இரண்டு நிறுவனங்கள். ஹாட்டிஷ் செய்முறை இப்போது எனக்கும் மனப்பாடம்.

பிப்ரவரி 7, வெள்ளி

டெரிக் அழைத்தான். பேனா என் கையில் இருந்தது. சோல்வெய்க் ஃபோனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு நலம் விசாரித்தாள், நன்றி சொன்னாள், விடைபெற்றாள்.

"ஆங், ஒண்ணே ஒண்ணுப்பா. ஓய்வுக்காலக் கணக்குத் தங்கம் வீட்டுக்கு வந்தா, வரித்துறை என்ன சொல்லும்?"

டெரிக் இருமினான்.

"அது... பணத்தை வெளிய எடுத்த மாதிரின்னு எடுத்துக்கலாம், மேடம்."

"அவருக்கு அம்பத்தேழுதான் ஆகுது."

"அப்போ, அம்பத்தொம்பதரை வயசுக்கு முன்னாடி எடுத்ததுக்கு வரியோட அபராதமும் வரலாம்."

அடப்பாவி! அவனைச் சொல்லவில்லை, என்னைத்தான். மூன்றில் ஒரு பங்கு போயிருக்குமே. இருபத்தாறு வருஷம் அந்தக் காகிதக் கூழ் நாத்தத்துல நின்னு— இலவசப் பெட்டிக்கா? ஒரு 'சாரு'க்கா?

ஃபோனை வைத்த சோல்வெய்க் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவன் குரல் கரகரன்னு இருக்கு, பாவம், ஜலதோஷம் போல" என்றாள். 'நான் சொன்னேனே' என்று ஒரு வார்த்தை இல்லை. இப்படி ஒருத்தி எனக்கு எப்படிக் கிடைத்தாள் என்று இந்த ஊரே கேட்கிறது. கேட்பதில் தப்பே இல்லை.

பிப்ரவரி 19

பாதிப் பணத்துக்கு மட்டும் தங்கம். மூன்றாவதாக அழைத்த நிறுவனத்தில். வருடத்துக்கு நூற்றுக்கு அரை டாலர், மூடக் கட்டணம் இல்லை. காசுகள் டெலவேர் மாநிலத்தில் ஒரு பெட்டகத்தில். மீதிப் பணம் இருந்த இடத்திலேயே. சோல்வெய்க்குக்குத் தங்கத்தில் நம்பிக்கையே கிடையாதாம், இன்றுதான் சொன்னாள்.

"அப்புறம் ஏன் இவ்வளவு பாடுபட்ட?"

"உனக்கு ஆசையா இருந்துச்சே."

மார்ச் 11

டெரிக் மறுபடி அழைத்தான். உறுமினேன்.

"விக்கிறதுக்கு இல்ல சார். மேடம் இருக்காங்களா? எந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தாங்கன்னு கேக்கணும். எங்கம்மா அவங்க சேமிப்பைத் தங்கமா மாத்தணுங்கறாங்க..."

ஃபோனைக் கொடுத்தேன். சோல்வெய்க் கேட்டுக்கொண்டாள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ நகருப்பா. அம்மாகிட்ட குடு."