நாற்பத்தொரு பாதிப்புகள்

மார்ச் 4

படகுத்துறை விடுதியை இன்று முழுதாகச் சுற்றிப் பார்த்தேன். பாலம் வந்து படகு நின்றுபோன நாளிலிருந்து யாரும் சீண்டாத கட்டடம். இதைச் சீர்செய்து, பயணிகள் வந்து தங்கும்படி ஆக்கித் தர வேண்டும். கூரை இன்னும் பிழைத்திருக்கிறது, ஆச்சரியம்தான். மாடியில் ஆளே இல்லை. இருபத்து நான்கு ஜன்னல்களும் ஆவென்று திறந்து கிடந்தன. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஒவ்வொன்றாகச் சாத்தினேன்.

பின்கட்டில் ஒரு பெண் குடியிருக்கிறார். பழைய காவலாளியின் மனைவி. அவர் இறந்து ஒன்பது வருடமாகியும் இவர் போகவில்லை. விறகடுப்பில் சமைத்து மீன்படகுக்காரர்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறார். இடுப்பில் பெரிய சாவிக்கொத்து. சாவியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். நான் கீழே இறங்குவதற்குள் மேலே போய் ஜன்னல்களை மறுபடி திறந்துகொண்டிருந்தார்.

"எதுக்குத் திறக்கிறீங்க?"

"திறக்கத்தானே சார் ஜன்னல்."

வாய் கொஞ்சம் நீளம்.

மார்ச் 11

பாதிப்புப் பட்டியல் முடிந்தது. மொத்தம் நாற்பத்தொன்று. 17: கூடத்து உத்தரங்களில் அடுப்புக்கரி. 18: மேற்குச் சுவரின் வெளிப்புறம் பன்னிரண்டு கொக்கிகள் (துணி காயப்போட?). 23: ஜன்னல் கீல்களில் சமையல் எண்ணெய்ப் பிசுக்கு. பாதிக்கு மேல் அந்த அம்மாளின் கைங்கரியம்.

வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "நம்ம வீட்டுக்கும் ஒண்ணு போடுங்களேன்" என்றாள் என் மனைவி. "முதல் பாதிப்பு யாருன்னு நான் சொல்றேன்."

மார்ச் 12

சிபாரிசு: பின்கட்டைக் காலி செய்து நுழைவுச்சீட்டு அறையாக்கலாம். பட்டியலுக்கும் இதற்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டாயிற்று.

ஏப்ரல் 20

சாவியக்கா காலி செய்தார். சாமான் ஒரே தள்ளுவண்டியில் அடங்கிவிட்டது. மகள் வந்து அழைத்துப் போனாள். அவளுக்கு எங்கோ மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. காலி செய்யச் சொல்லி அலுவலகம் அனுப்பிய கடிதத்தோடு என் பட்டியலின் நகலையும் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியாது.

கொத்தைக் கையில் கொடுத்தார். எந்தச் சாவி எதற்கு என்று சொல்வார் என நின்றேன். "இவ்வளவு பெரிய பட்டியல் போட்டவருக்கு இது தெரியாதா?" என்று போய்விட்டார்.

சட்டப்படி சரி. சரிதானே?

மே 28

கூடத்து உத்தரங்களைத் துலக்கி முடித்தோம். கரி போய் மரம் தேன் நிறத்தில் மின்னுகிறது. எங்கள் அலுவலக இயக்குநர் போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். எனக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை. தூசி வராமல் ஜன்னல்களைச் சாத்தி, மேலே பிளாஸ்டிக் தாளும் ஒட்டியாயிற்று. பின்கட்டு உத்தரங்கள் மட்டும் பாக்கி.

ஆகஸ்ட் 2

மழை விட்டபாடில்லை. கூடத்தில் ஈர வாடை.

செப்டம்பர் 19

தச்சர் அவசரமாகக் கூப்பிட்டார். கூடத்துத் தரையெல்லாம் மாவு சலித்துக் கொட்டினாற்போல் இருந்தது. "வண்டு சார். மேல பாருங்க." உத்தரத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஓட்டைகள். ஏழில் ஐந்தை வண்டு பிடித்திருக்கிறது. மேற்குச் சுவர் முழுக்கப் பூஞ்சை.

"முன்னாடியே இருந்திருக்குமோ?" என்று கேட்டேன், ஆசையாக.

"கரியைத் துலக்கினது நான்தானே சார். அப்ப ஒரு ஓட்டை கிடையாது."

பின்கட்டுக்கு ஓடினோம். கரி படிந்த உத்தரங்கள் நான்கும் கல்லு மாதிரி இருந்தன. தச்சர் ஒன்றைத் தட்டிக் காட்டிவிட்டு வெளியே போனார். திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

செப்டம்பர் 20

பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புகை, வண்டை அண்டவிடாமல் வைத்திருந்தது. எண்ணெய், கீல் துருப்பிடிக்காமல் காத்தது. ஜன்னல், ஈரம் வெளியே போக. கொக்கிகள் எதற்கு? இன்னமும் தெரியவில்லை.

கட்டடம் தானாகப் பிழைக்கவில்லை. ஒரு மனுஷி தினம் தினம் பிழைக்க வைத்திருக்கிறாள். நான் என்னடான்னா அவளையே பாதிப்புன்னு எழுதி — வெட்கமா இருக்கு.

என் அறிக்கையில் 'உள்ளூர் மக்களின் பங்கேற்பு' ஆறு இடத்தில் வருகிறது. எண்ணிப் பார்த்தேன். அந்தக் கட்டடத்தில் இருந்த உள்ளூர் மக்கள் மொத்தமே ஒருவர்தான்.

செப்டம்பர் 24

இயக்குநர் அசரவில்லை. "உத்தரம் போனா போகட்டும். காங்கிரீட் போட்டு மேல ரெண்டு மாடி ஏத்திடலாம். நாப்பது அறை வரும்."

எட்டு அறை, ஒரு நாளைக்கு முப்பது பேர் என்பதுதான் திட்டம். அந்தக் கரையும் கிணறும் அதற்கு மேல் தாங்காது என்று நாங்களே அளந்து எழுதியது. உத்தரங்களை மருந்து வைத்துக் காப்பாற்றலாம், ஆனால் அங்கேயே குடியிருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றேன்.

"ஆள்தான் இருந்தாங்களே! வேண்டாம்னு எழுதினது யாரு? உங்க அறிக்கையை நீங்களே தப்புன்னு எழுதித் தருவீங்களா?"

யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். கோழை.

செப்டம்பர் 25

மனைவியிடம் சொன்னேன். கிண்டல் செய்வாள் என்று பார்த்தால் செய்யவில்லை. "முதல்ல அந்தம்மா முன்னால போய் நில்லுங்க. எழுதுறதெல்லாம் அப்புறம்."

செப்டம்பர் 27

மூன்று மாடி ஏறினேன். அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். அதையும் திறந்துதான் வைத்திருந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். வண்டு என்றதும் "எந்தப் பக்கம்?" என்று எழுந்துவிட்டார். பிறகு நினைவு வந்தவர்போல உட்கார்ந்தார்.

"போன்னு சொன்னப்ப கடுதாசி வந்துச்சு. பட்டியலோட. இப்ப வான்னு சொல்ல மட்டும் வாய் வார்த்தை போதுமா சார்?"

போதாது என்றேன். வேறென்ன சொல்ல?

வாசலில் நின்று கொக்கிகளைப் பற்றிக் கேட்டேன். "மேற்கால சாரல் அடிக்கும். சுவர் நனையாம சாக்கு தொங்கவிடுவேன்" என்றார். இது தெரியாதா என்கிற மாதிரி பார்த்தார். பன்னிரண்டையும் நான் பிடுங்கிப் போட்டதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அக்டோபர் 3

கொடுத்துவிட்டேன். நான்கு பக்கம். முதல் வரி: 'மார்ச் 12 அன்று நான் கையெழுத்திட்ட பட்டியல் தவறானது.' அந்த ஒரு வரிக்கு ஒரு வாரம் ஆயிற்று. மற்றதெல்லாம் அரை நாளில் முடிந்தது. இயக்குநர் படித்துவிட்டு, "உங்களுக்கு நேரம் சரியில்லை" என்றார்.

நவம்பர் 16

ஒப்புக்கொண்டார்கள். என் நான்கு பக்கத்துக்காக இல்லை. பழைய உத்தரங்கள் போனால் திட்டத்துக்கு நிதி தரும் அமைப்பு விலகிவிடுமாம். எதற்காக இருந்தால் என்ன. உத்தரங்களுக்கு மருந்து வைக்கிறார்கள், காங்கிரீட் கிடையாது. கடிதமும் தயார்: 'விடுதிப் பராமரிப்புப் பொறுப்பாளர், பின்கட்டில் குடியிருப்புடன்.'

இந்த வேலை முடிந்ததும் அடுத்த திட்டத்தில் எனக்கு இடமில்லை என்று இன்னொரு கடிதம். இரண்டும் ஒரே நாளில். வலிக்கத்தான் செய்கிறது.

நவம்பர் 20

கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். மடித்து வைத்துவிட்டு, "பேனா எடுங்க" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒன்று: கீல் எண்ணெயைத் துடைத்தது. இரண்டு: ஜன்னல்களைத் தாள் ஒட்டி அடைத்தது. மூன்று: கரியைச் சுரண்டியது. நான்காவதாகக் கொக்கிகளை நானே சொன்னேன். "அதுவுமா?" என்றார். எட்டில் நிறுத்தினார்.

"நாற்பத்தொண்ணு வரலையேம்மா" என்றேன்.

"வரும் சார். இன்னும் உள்ளே போய்ப் பார்க்கலையே."

கடைசியில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

ஜூன் 9

விடுதி திறந்து மூன்று மாதமாகிறது. இன்று மனைவியோடு போனேன். வாசலில் நுழைவுச்சீட்டு கொடுப்பது சாவியக்காவின் மகள். என் மனைவி முப்பதாவது ஆள். நான் முப்பத்தொன்று.

"இன்னைக்கு அவ்வளவுதான் சார்" என்றது உள்ளேயிருந்து பழகிய குரல். "நீங்க போட்ட கணக்குதானே?"

மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். நான் துறைப் படியில் உட்கார்ந்திருந்தேன். மேற்குச் சுவரில் புதுச் சாக்குகள் தொங்கின. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் தூறல் கையில் விழுந்தது. நிமிர்ந்து மாடியைப் பார்த்தேன். சாரல் அடிக்கும் மேற்குப் பக்கத்து ஜன்னல்கள் பன்னிரண்டையும் சாவியக்கா ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொண்டு வந்தார்.