இரண்டு லட்சம் பதிவுகள்

8 மார்ச் 1999, திங்கள்

இன்று நாற்பத்தாறு நம்பருக்குப் போன் அடித்தேன். ஒன்பது கடைகள் இல்லை. நீக்கினேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எங்கள் தளத்தில் உள்ள ஒவ்வொரு கடைப் பதிவுக்கும் போன் போட்டு, “கடை இருக்கா?” என்று கேட்பதுதான் என் வேலை. நாட்டிலேயே பெரிய இணையத் தேடல் கம்பெனி நாங்கள்தான் என்று பாஸ் சிவசம்பு பேப்பர்காரர்களிடம் மார்தட்டுகிறார். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஃபோட்டோஸ்டாட் கடைக்கு மேல் மாடியில் பதினோரு பேர், ஒரு ஏர்கோண்டிஷன் - அவ்வளவுதான் அந்தப் பெரிய கம்பெனி.

கிள்ளானில் ஓர் இலவச டயாலிசிஸ் நிலையம். லைன் போகவில்லை. பக்கத்து டயர் கடைக்கு அடித்துக் கேட்டேன். “அது மூடி நாலு மாசம் ஆச்சுலா, ஆன்டி.” அதையும் நீக்கினேன். ஆன்டியாம். முப்பத்திரண்டு வயதுதான் எனக்கு.

12 மார்ச், வெள்ளி

மீட்டிங். தலைப்பு: வளர்ச்சித் திட்டம். அமெரிக்காவின் பெரிய தேடல் கம்பெனி ஒன்றின் சிங்கப்பூர் ஆட்கள் அடுத்த மாதக் கடைசியில் வருகிறார்களாம். பிடித்தால் எங்களை வாங்குவார்கள். அதற்குள் இரண்டு லட்சம் பதிவுகள் காட்ட வேண்டும். ஈப்போ, பினாங்கு பட்டியல்களை வாங்கிச் சேர்ப்பது, ஒரே இடத்தை மூன்று பதிவாக உடைப்பது. இனி எதையும் நீக்கவே கூடாது. நீக்கியதையும் திருப்பிப் போட வேண்டும்.

“மூடின கடைய எதுக்கு பாஸ் போடணும்?” என்றேன்.

“சீதா, கடை செத்தா அது அவன் பாடு. நம்ம தளத்துல அவன் பக்கம் சாகக் கூடாது. அதான் குரோத், வளர்ச்சி.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

15 மார்ச், திங்கள்

என்னை உதவி மேனேஜர் ஆக்கிவிட்டார்கள். முதல் வேலை, நான் நீக்கிய நாலாயிரத்துச் சொச்சத்தையும் திருப்பிப் போடுவது. ஒரே பட்டன். “நீங்களே அமுக்குங்க அக்கா, அந்தப் பாவம் எனக்கு வேணாம்” என்று எங்கள் புரோகிராமர் கன்னையா கிண்டல் செய்தான். அமுக்கினேன்.

27 ஏப்ரல், செவ்வாய்

கோபத்தில் எழுதுகிறேன்.

காலை பத்தரைக்கு ஒரு போன். மாரியாயி என்று ஓர் அம்மா, கிள்ளான் ஸ்டேஷன் பப்ளிக் போனிலிருந்து. “ஒங்க பேப்பர்ல போட்ருக்க எடத்துக்கு வந்தோம்மா. இங்க ஒண்ணுமே இல்லியே. பூட்டு துருப்புடிச்சுக் கெடக்கு.”

ரவாங்கில் இருக்கிறார்கள். கணவர் சின்னையாவுக்கு வாரம் மூன்று தடவை ரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் காலேஜ் கம்ப்யூட்டரில் எங்கள் தளத்தைத் தேடி, எங்கள் நம்பரோடு அச்செடுத்துக் கொடுத்திருக்கிறாள். இலவசம் என்றதும், காசு கட்டிப் போய்க்கொண்டிருந்த இடத்தை விட்டுவிட்டார்கள். அங்கே அவருக்கு இருந்த டயாலிசிஸ் நாற்காலி சனிக்கிழமையே வேறொருவருக்குப் போய்விட்டது.

“வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணிப் பாக்கலியாம்மா?” என்று கேட்டேன்.

“லைன் கெடைக்கல. கம்பூட்டர்லயே போட்ருக்குன்னா பொய்யாவா இருக்கும்?”

அந்தக் கேள்வியைக் கேட்ட என் வாயில் அடிக்க வேண்டும். போன் பண்ணிப் பார்ப்பது யாருடைய வேலை? அந்த இடம் மூடிக் கிடப்பது எனக்குத் தெரியும். தெரிந்துதானே அமுக்கினேன்!

பாஸ் அறைக்குப் போய்க் கத்தினேன். “கீழ சின்ன எழுத்துல போட்ருக்கோம்ல, விவரம் மாறலாம்னு” என்றார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. மனுசனா இவன்?

28 ஏப்ரல், புதன்

எங்கள் தளத்தில் பதினேழு டயாலிசிஸ் நிலையங்கள். பதினேழுக்கும் அடித்தேன். ஆறு செத்த நம்பர். மூன்று, ஒரே இடத்தை உடைத்துப் போட்டவை. மற்ற எதிலும் இடமில்லை. செராஸில் மட்டும் புஷ்பவல்லி என்ற நர்ஸ், “பேரு குடுத்து வைங்க. எடம் வந்தா கூப்புடுறேன்” என்றார். சின்னையா பெயரும் என் வீட்டு நம்பரும் கொடுத்தேன்.

மாரியாயி கூப்பிட்டார்; அவருக்கும் வீட்டு நம்பர் கொடுத்தேன். சின்னையாவுக்கு மூச்சு வாங்குகிறதாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் அவசரத்துக்கு ஒரு தடவை செய்துவிட்டார்கள். அடுத்த தடவைக்கு எங்கே போவார்?

29 ஏப்ரல், வியாழன்

ஒரு நாள் முழுக்கப் போனில் என்ன கதை என்று பாஸ் கேட்கிறார். அடுத்த நம்பருக்கு அடித்தேன். வாய் திறந்திருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.

30 ஏப்ரல், வெள்ளி

சிங்கப்பூர்காரர்கள் வந்தார்கள். நேரே போய்ச் சொல்லிவிட்டேன் - மூடிய கடை, உடைத்த பதிவு எல்லாம் சேர்த்து மூன்றில் ஒன்று பொய் என்று. பாஸ் முகத்தில் ஈயாடவில்லை.

வந்தவர்களில் ஒருவர் அமைதியாகச் சிரித்தார். தெரியுமாம். எல்லா ஊரிலும் இப்படித்தானாம். ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்து தேடுகிறார்கள், அது ஏறுகிறதா, அதுதான் முக்கியமாம்.

“அவங்க லிஸ்ட்ட வாங்கலக்கா. தேடி வர்ற ஜனத்த வாங்குறாங்க” என்றான் கன்னையா, காதோரமாக.

அப்படியானால் கிள்ளானுக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பிய மாரியாயியும் அந்த ஜனத்தில் ஒரு தலை. அவர் கணவருக்கு இடம் கிடைத்ததா என்று கேட்க ஒரு நாதியில்லை.

என் மேஜைக்குப் போய் அந்த நாலாயிரத்தையும் மறுபடி நீக்கினேன்.

“யாரு அமுக்குனது?” என்று வந்தார் பாஸ்.

“நான்தான்.”

“அப்ப கெளம்பு.”

கிளம்பினேன். நான் கீழே இறங்குவதற்குள் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டிருப்பார்கள். போடட்டும்.

2 மே, ஞாயிறு

மாரியாயி என் வீட்டுக்கு இரண்டு தடவை கூப்பிட்டார். இரண்டு தடவையும், “இன்னும் இல்லம்மா.” சின்னையா மறுபடி ஆஸ்பத்திரியில்.

4 மே, செவ்வாய்

காலையில் செராஸிலிருந்து போனில் புஷ்பவல்லி. “எடம் இருக்கு. இன்னிக்கே வரணும்.” டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய் இருவரையும் செராஸுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சின்னையாவுக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தன.

உள்ளே சுவரில் ஒரு பலகை. ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு பெயர். நாலாவதில் சபாபதி என்று இருந்தது. புஷ்பவல்லி ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டு, ஈரம் காயும்வரை நின்று, சின்னையா என்று எழுதினார்.

“அவரு வேற எடத்துக்கு மாறிட்டாரா?” என்றார் மாரியாயி.

“நேத்து காலையில தவறிட்டாரும்மா. அய்யாவ உக்கார வைங்க.”

மாரியாயி பலகையைப் பார்த்துக் கும்பிட்டார். சின்னையா நாலாவது நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார்.