எந்த டேப் வாங்குவது

ஆடி 5, திங்கள்

பேய்க்காற்று. கம்பெனி ஷெட் தகடு காலையிலிருந்து படபடவென்று அடிக்கிறது. கண், மூக்கு எல்லாம் பனியன் பஞ்சு.

செக்கிங்குக்கு இரண்டு டேப்லெட் வந்தன. ஒன்று பெரிய கம்பெனி, தகட்டு உடம்பு, கொள்ளை விலை. இன்னொன்று வேறு கம்பெனி, பிளாஸ்டிக், சல்லிசு. மேனேஜர்: "தேவிங்க, செக்கிங் இன்சார்ஜ் நீங்கதான? ரெண்டையும் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. எது தேவலைன்னு சனிக்கிழமை சொல்லோணும். மொதலாளி எல்லா லைனுக்கும் வாங்கறாராமா."

வேலை இதுதான்: தைத்து வரும் பனியனில் டேமேஜ் இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிப் படம் எடுக்க வேண்டும். படம், தைத்தவர் பேர், டேமேஜைப் பிடித்தவர் பேர், மூன்றும் லைன் நடுவில் உள்ள டிவியில் வரும். ஊரே பார்க்கும்.

விலை கூடியதை ஜோதியிடம் கொடுத்தேன். சாத்தூர் பக்கத்துப் பிள்ளை, கண் தப்பாது. புருஷன் செல்வம் எங்கள் லைனிலேயே ஓவர்லாக் டெய்லர். மட்டமானது எனக்கு.

மத்தியானம் ஹெல்பர் ஒருத்தி, பஞ்சைத் துடைக்கிறேன் என்று கறை எடுக்கிற ஸ்ப்ரே கன்னை இரண்டு டேப் மேலும் அடித்திருக்கிறாள். "பனியன்ல அடிச்சா போவுதுங்களேக்கா" என்கிறாள். பளாரென்று விடக் கை போனது, இழுத்துக்கொண்டேன். பிளாஸ்டிக் வெளுத்துப்போனது. விலை கூடியதற்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆடி 6, செவ்வாய்

கேமரா. விலை கூடியது (வி.கூ.): ஊசி ஓட்டைகூடத் தெரிகிறது. மட்டமானது (ம.): சிவப்பு ஆரஞ்சாகிறது. கிழிசலா மடிப்பா என்று சண்டை போடலாம்.

டீக்கு முன்னால் டிவியில் செல்வம் தைத்த பீஸ். தோள் தையல் வாயைப் பிளந்துகொண்டு. பிடித்தது: ஜோதி. மேனேஜர் அவன் தாயை இழுத்துத் திட்டினார், அத்தனை பேர் முன்னால். அவன் மேனேஜரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நூல் வெட்டும் ட்ரிம்மரை எடுத்துப் பெண்டாட்டி மேல் எறிந்தான். காதை உரசிக்கொண்டு போனது.

"வீட்டுக்கு வாடி. இருக்கு ஒனக்கு."

ஒருத்தரும் மெஷினை நிறுத்தவில்லை.

ஆடி 7, புதன்

இந்தப் புழுக்கத்தில் ஜோதி துப்பட்டாவைக் கழுத்தோடு சுற்றிக்கொண்டு வந்தாள். கீழுதடு வீங்கிக் கிடந்தது.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேங்க்கா."

"உங்க பாத்ரூமுக்குக் கை மொளைச்சிருக்குதா?"

பீஸ் கட்டைப் பிரிக்கப் போய்விட்டாள். சாப்பாட்டு நேரத்தில் வந்தாள். "அக்கா, அந்த மட்டமானத என்ட்ட குடுத்துருங்க. அதுல ஒண்ணும் தெளிவாத் தெரியாதுல்ல."

மாற்றிக் கொடுத்தேன். எது நல்ல டேப் என்று மேனேஜருக்கு என்னத்தைச் சொல்ல?

சார்ஜ்: வி.கூ. சாயங்காலம் வரை நின்றது. ம. மத்தியானமே செத்தது.

ஆடி 8, வியாழன்

செல்வம் தைத்த பீஸ் கட்டு என் மேசைக்கு வந்தது. பக்கத் தையலில் விரல் நுழைகிற ஓட்டை. வேண்டுமென்றே இரண்டு அம்பு ஒட்டி, விலை கூடியதில் பெரிதாக எடுத்தேன். இப்போது என்னை அடி பார்க்கலாம்.

டிவியில் வந்தது. பிடித்தது: ஜோதி.

டேப்பை மாற்றினோம். உள்ளே இருந்த பேரை மாற்றவில்லை. அறிவு கெட்ட முண்டம் நான். ஓடிப்போய்க் கத்தினேன், "நான் எடுத்ததுடா அது! நானு!" மெஷின் சத்தத்தில் என் தொண்டைதான் போனது. அவன் டிவியைப் பார்த்துச் சிரித்தான். ஜோதி என் பக்கம் திரும்பவே இல்லை.

துவரம் பருப்பு வாங்க மறந்தேன்.

ஆடி 9, வெள்ளி

இரண்டு பேரும் வேலைக்கு வரவில்லை. ஜோதி போன் ஆஃப். பேர் மாற்ற ஆபீசுக்கு எடுத்த இரண்டு டேப்பும் பையில் இருக்க, அப்படியே அவள் லைன் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து ஊட்டம்மா: "காத்தால இருந்து அடிக்கறானுங்க. புருசன் பொண்டாட்டி சண்டை, நாம என்னங்க கேக்கறது?"

கதவை உதைத்துத் திறந்தேன். மூலையில் ஜோதி, சுருண்டு. அவன் கையில் பெல்ட், இரும்பு பக்கிள் வெளியே தொங்க. "ஒனக்கு இங்க என்ன சோலி?" என்று என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். பையைச் சுழற்றி அவன் மூஞ்சியில் போட்டேன். மறுபடியும் போட்டேன். மூக்கு உடைந்தது கேட்டது. சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன். இன்னொன்று போட ஓங்கினேன். ஜோதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போதும்க்கா. செத்துருவான். நீங்க உள்ள போயிருவீங்க."

அவளை ஆட்டோவில் ஏற்றி என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

பையைத் திறந்தால் ம. இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. வி.கூ.வில் ஒரு கீறல் இல்லை.

ஆடி 10, சனி

காற்று நின்றுவிட்டது. கழுத்து திரும்பவில்லை. ஜோதிக்கு இட்லி இறங்கவில்லை, பால் குடித்தாள்.

மேனேஜர் போன். "தேவிங்க, லீவுங்களா? எந்த டேப் வாங்கலாமுங்க?"

"வெல கூடுனதுங்க. அடி தாங்குதுங்க."

"மத்தது?"

"ஒடஞ்சு போச்சுங்க. நாந்தான் ஒடச்சேன்." அவர் கத்த ஆரம்பித்தார். வைத்துவிட்டேன். திங்கட்கிழமை வேலை இருந்தால் பார்க்கலாம்.

மகளிர் ஸ்டேஷனுக்குப் போகும்முன் அடிபட்ட இடத்தைப் படம் எடுக்கலாம் என்றேன். வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். கதவைச் சாத்தினாள். சுடிதார் மேல்சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டி நின்றாள். விலை கூடிய டேப்பை எடுத்து நேராகப் பிடித்தேன்.

"நில்லுங்கக்கா. சும்மா எடுத்தா எங்கன்னு தெரியாது."

மேசை மேல் கிடந்த என் செக்கிங் ஏப்ரன் பாக்கெட்டில் கையை விட்டு அம்பு ஸ்டிக்கர் தாளை எடுத்தாள். தோளில் ஒன்று, கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று, எட்டின வரைக்கும் தானே ஒட்டினாள். எட்டாத இடத்துக்கு நான் ஒட்டினேன்.

ஒரு தாள் போதவில்லை.