அரைமணிக்கு ஒரு கிளறல்

என் வாலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், நலம் என்று எழுத உன் அப்பாவுக்குத்தான் கை கூசும், எனக்கென்ன. நீயும் உள்ளேயிருந்து உதைக்கிறதும் நலமா? மாப்பிள்ளை கப்பலிலிருந்து இறங்க இன்னும் மூன்று மாதம், நீ எட்டாம் மாதத்தில் தனியாகப் படியேறி இறங்குகிறாய் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, என்னால் வரமுடியாது என்று போன வாரம் போனில் சொன்னபோது சரிம்மா என்றாயே, அந்தச் சரிம்மா இன்னும் காதிலேயே நிற்கிறது. ஏன் ஏறியது என்று முந்தாநாள்தான் தெரிந்தது. இரண்டு அறை வீட்டில் எங்கே நின்று பேசினாலும் அவர் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

எல்லாம் நீ சொல்லிக்கொடுத்த அந்த மாவுச்சத்து குறைந்த ஐஸ்கிரீமால் வந்தது. கிரீம், முட்டை மஞ்சள் கரு, வெனிலா, சர்க்கரைக்குப் பதில் அந்த இனிப்புத் தூள். மெஷின் இல்லாததால் பிரீசரில் வைத்து அரைமணிக்கு ஒருதரம் முள்கரண்டியால் கிளற வேண்டும், இல்லையென்றால் கல். சாயங்காலம் அது இல்லாவிட்டால் மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டு கடை ஐஸ்கிரீமுக்குக் கிளம்பிவிடுவார், அதனால் தினமும். ஒரு மணிக்கு வைத்தால் ஐந்து மணிவரை நான் கைதி. தெருமுனைத் தையல்கடையில் நின்று இரண்டு வார்த்தை பேசினால் இங்கே நான் வைத்துவிட்டுப் போன அலாரம் மணி அடித்துவிடும். எதிர்வீட்டு நர்ஸ் சிரிக்கிறாள், ஜெயில்லகூட கொஞ்ச நேரம் வெளிய விடுவாங்கக்கா என்று. நானும் சிரித்துவிட்டு ஓடிவந்தேன், வீட்டுக்குள் வந்ததும் அழுகை வந்தது.

போன மாதம் திடீரென்று ஐஸ்கிரீம் கல்லாகவில்லை, ஸ்பூன் வழுக்கிக்கொண்டு இறங்கியது. கைப்பக்குவம் வந்துவிட்டது என்று நர்ஸிடம் பீற்றிக்கொண்டேன். பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருபத்தாறு வருஷம் குப்பி கழுவியவள், சர்க்கரை கரைந்தால் தண்ணீர் லேசில் உறையாது என்று வருஷா வருஷம் காதால் கேட்டவள், எனக்கு உறைக்கவில்லையே! முந்தாநாள் தூள் டப்பாவில் எறும்பு. இத்தனை மாதத்தில் ஒரு எறும்பு எட்டிப்பார்த்ததில்லை. நாக்கில் வைத்தால் அசல் சர்க்கரை. மிக்சியில் பொடித்து நிரப்பி வைத்திருக்கிறார் உன் அப்பா. மூன்று வாரம் என் கையாலேயே, கிராம் பிசகாமல் நிறுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

நாக்கு அவ்வளவு கேக்குதா என்று கத்தினேன். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர், தலை நிமிரவில்லை. நாக்குக்காக இல்ல, ரிப்போர்ட் நல்லா வந்தா நீ அவகிட்ட போயிடுவே, போனா அங்கயே இருந்துடுவியோன்னு பயமா இருந்துச்சு என்றார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. அவர் ஊர் ஊராகச் சுற்றியபோது உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக் கிடந்தேனே, நான் என்றைக்காவது வண்டிச் சாவியை ஒளித்து வைத்தேனா? அதைத்தான் கேட்டேன்.

புதுத் தூள் வாங்கி இன்றைக்கும் வைத்திருக்கிறேன், இந்தக் கடிதத்துக்கு நடுவிலேயே மூன்று தடவை எழுந்துபோய்க் கிளறிவிட்டு வந்திருக்கிறேன். இதோ நாலாவது மணி அடிக்கிறது. நான் எழுந்திருக்கவில்லை. மணி அடிக்குதும்மா என்று கூப்பிடுகிறார். உங்களுக்கும் கை இருக்கு என்றேன். பிரீசர் திறக்கிற சத்தம். முள்கரண்டி எந்த டிராயர்ல என்று கேட்கிறார், இந்த வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும். நான் சொல்லப்போவதில்லை.

டாக்டரம்மா சர்க்கரை இரண்டு வாரத்தில் இறங்கிவிடும் என்கிறார், நர்ஸ் தினமும் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாள். நீ மூன்றாம் வாரத்துக்கு எனக்கு டிக்கெட் போடு, என்னிடம் மட்டும் சொல், அவரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். இடதுபக்கம் ஒருக்களித்துப் படு, ஈரத் தரையில் நடக்காதே. தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்க வேண்டும், வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

பரணிலிருந்து பெட்டியை இறக்கி வைத்துவிட்ட
உன் அம்மா

பி.கு. கண்டுபிடித்துவிட்டார். கிளறுகிற சத்தம் கேட்கிறது.