பொத்தானுக்கு நீ வைத்த சொல்

மச்சான்,

இன்று காலை கடலூர் துறைமுகத்தில் ஐஸ் கட்டிகளை வண்டியில் அடுக்கிவிட்டுப் போனை எடுத்தேன். திரையில் இருந்த பொத்தானை எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'ஐஸ் ஏத்தியாச்சு.' படித்து முடிப்பதற்குள் ஒரு கட்டி பாதி கரைந்திருக்கும். ஆனால் நானே படித்தேன்! ஞாயிற்றுக்கிழமை முதியோர் வகுப்புக்குப் போய்க் கற்றது. வீட்டில் உன் அக்காவிடம் சொன்னேன். "என் தம்பி இருந்தா குதிச்சிருப்பான்" என்றாள்.

அந்தச் செயலியை நீதான் செய்தாய். படகுக்காரர்கள் அதில் ஐஸ் கேட்பார்கள், நான் கொண்டுபோய் இறக்குவேன். எனக்குப் படிக்கத் தெரியாது என்று, விரல் வைத்த இடத்தைப் போனே வாய்விட்டுச் சொல்லும்படி அமைத்துக் கொடுத்தாய். அந்தக் குரலை நம்பித்தான் என் பிழைப்பு ஓடியது.

ஆண்ட்ராய்டு போனுக்கு ஒன்று, ஐபோனுக்கு ஒன்று என்று ஒரே செயலியை இரண்டாக எழுதிவைத்திருந்தாய். சின்ன மாற்றம் என்றாலும் இரண்டிலும் செய்ய வேண்டும். அதற்கு நடுவே டயாலிசிஸ். சிதம்பரத்தில் உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஊசி குத்திய கையைத் தலையணைமேல் போட்டுவிட்டு மறு கையால் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருப்பாய்.

"ஒரே வேலைய ரெண்டு வாட்டி செய்யத் தெம்பில்ல மாமா. ஒரு தரம் எழுதினா ரெண்டு போன்லயும் ஓடற மாதிரி புதுசா வந்திருக்கு. மொத்தத்தையும் அதுக்கு மாத்திடறேன். எனக்கப்புறம் பாக்கறவங்களுக்கும் சுலபம்."

'எனக்கப்புறம்' என்றதைக் காதில் வாங்காதவன் போல இருந்துவிட்டேன்.

புதியது வந்தது. எதைத் தொட்டாலும் போன் "பட்டன், பட்டன்" என்றது. 'ஏத்தியாச்சு' பொத்தான் என்று நினைத்து, வந்த ஆர்டரையே ரத்து செய்துவிட்டேன். "இன்னொரு தரம் இப்டி ஆச்சுன்னா வேற ஆளு பாத்துக்கறேன் பெரியவரே" என்றார் ஐஸ் கம்பெனி முதலாளி. அடுத்த பஸ்ஸில் உன்னிடம் வந்தேன்.

"முன்னாடி போனே பட்டனக் குடுத்துச்சு மாமா, அதுக்குப் பேசத் தெரியும். இப்ப நாமளே வரையறோம். அது என்ன சொல்லணும்னு ஒவ்வொண்ணுக்கும் நான்தான் எழுதி வெக்கணும். வுட்டுட்டேன்."

அந்த மத்தியானம் முழுக்க நான் தொட்டுக் காட்ட, நீ எழுதினாய். நடு நடுவே கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாய். போதும் என்றேன். நீ கேட்கவில்லை.

இரண்டொரு நாளில் விசைப்படகுக்காரி சரோஜா என்னைப் பிடித்துக்கொண்டாள். பார்வை மங்கியதால் அவளும் அந்தக் குரலைத்தான் வைத்திருக்கிறாள், ஐபோனில்.

"ஐஸ்காரரே! ஒங்க மச்சான் என்னப் போயி மாமாங்கறாரே! எனக்கு மீச மொளச்சிருக்கா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க!"

அவள் போன் "ஐஸ் வந்துடுச்சு மாமா" என்றது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன் அல்லவா, பேசுகிற வாக்கில் ஒவ்வொரு பொத்தானிலும் மாமாவைச் சேர்த்துவிட்டாய். ஒரு தரம் எழுதியது எல்லார் போனுக்கும் போய்விட்டது. போன் செய்து சொன்னபோது இருமல் வரும்வரை சிரித்தாய்.

"ரெண்டுலயும் ஓடுதுன்னு இப்ப நிச்சயமாத் தெரிஞ்சுபோச்சு மாமா. அடுத்த வாரம் எடுத்துடறேன்."

அடுத்த வாரம் நீ இல்லை.

இப்போது செயலியைப் பார்த்துக்கொள்ளும் பெண், மாமாவை எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள். "வுடும்மா, பழகிடுச்சு" என்று சரோஜா முந்திக்கொண்டாள்.

எனக்கும் இப்போது தோள் இறங்கிவிட்டது மச்சான். பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுத்துச் சொல்லித்தர இதை எழுதும்போதுகூட நாலு வரிக்கு ஒரு தரம் பேனாவைக் கீழே வைக்கிறேன்.

இன்று படித்தபோதுதான் கவனித்தேன். திரையில் 'ஐஸ் ஏத்தியாச்சு' என்று மட்டும்தான் இருக்கிறது. மாமா எழுத்தில் இல்லை, குரலில்தான் இருக்கிறது.

"அதான் படிக்க வந்துடுச்சே, அந்தச் சத்தத்த நிறுத்துங்களேன்" என்றாள் உன் அக்கா. போனை அவள் காதோரம் பிடித்துப் பொத்தானைத் தொட்டேன். "ஐஸ் ஏத்தியாச்சு மாமா" என்றது. அதன் பிறகு அவள் அப்படிச் சொல்லவில்லை.

முதலில் படிக்கிறேன். பிறகு விரலை வைத்துக் கேட்கிறேன்.