போதாது என்பதற்கு ஒரு சொல்

1974 மார்ச் 4

கொழும்பிலிருந்து ஒரு டாக்டரம்மா வருகிறாராம், தாய்மார் தேயிலை பறிக்கப் போகையில் பிள்ளைகளை விட்டுப்போகும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளுக்கு என்ன கொடுக்கிறோம் என்று பார்க்க. அவருக்குத் தமிழ் தெரியாது.

"நீ கான்வென்ட்ல படிச்சவளாச்சே ஜோசப்பின், தாய்மார் சொல்றத இங்கிலீஸ்ல சொல்லு" என்றார் கிளாக்கர் யேசுரட்ணம். பிறகு குரலைத் தாழ்த்தி, "கொறையா ஒண்ணும் வந்துடக் கூடாது. ஆயா வேலை வேணும்ல?"

வேணும்தான்.

மார்ச் 5

ஒரு ரொட்டியை நான்கு பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுக்கிறேன். மீனம்மாவின் மகளுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

மார்ச் 7

'இனடிக்குவேட்' — போதாத. பங்குச்சாமியாரின் அகராதியில் இவ்வளவுதான். கான்வென்டில் மதர் என் விடைகளைப் பார்த்து இதைத்தான் சொல்வார். விடையே இல்லை என்று அர்த்தமில்லை. கேட்ட கேள்விக்கு அது போதவில்லை.

'இல்லை' என்றால் பஞ்சத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம். இந்தச் சொல் அப்படி விடாது. யாரோ அளந்து கொடுத்தார், அளவு தேவைக்குப் பத்தவில்லை என்று சொல்லும். கிளாக்கரை வைத்துக்கொண்டு என் வாயில் இது வருமா?

மார்ச் 8

டாக்டரம்மா கேட்டதைத் தமிழில் கேட்டேன்: "பிள்ளைங்களுக்குச் சாப்பாடு போதுமா?"

மீனம்மா தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு, "போதுங்க" என்றாள். அடுத்தவளும் "போதுங்க". எல்லோரும்!

அடிப்பாவிகளா! ஆனா நாங்க அப்படித்தானே — வெளியாள் சாப்பிட்டாச்சான்னு கேட்டா, பட்டினி கெடந்தாலும் ஆச்சுங்கன்னுதானே சொல்லுவோம். மரியாதைக்குச் சொன்னத அந்தம்மா நெஜம்னு நம்பிட்டுப் போயிட்டா?

"இனடிக்குவேட் என்று சொல்கிறார்கள்" என்றேன் ஆங்கிலத்தில்.

கிளாக்கர் "நோ, நோ" என்று முந்தினார். டாக்டரம்மா மீனம்மாவின் மகளைத் தூக்கினார். தூக்கியவர் வெகுநேரம் இறக்கவில்லை.

மார்ச் 11

ஆட்களுக்கு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் என் பெயரைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போட்டுவிட்டார்கள். பிள்ளைக்காம்பராவுக்கு வேறு ஆயா. அழுதேன்.

மார்ச் 19

விரலெல்லாம் வெடிப்பு. அந்தப் பிள்ளைக்கு இன்று என்ன கொடுத்தார்களோ.

ஏப்ரல் 20

பால்மா மூட்டைகள் வந்து இறங்கிவிட்டன. பிள்ளைக்கு ஒரு முழு ரொட்டியாம். பக்கத்து நிரையில் கொழுந்து பறித்த மீனம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தியா, நாங்க ஒரு கொறை சொல்லல. அந்த மகராசி தானா அனுப்பியிருக்காங்க. நீதான் அன்னிக்கு எதையோ ஒளறி, இருந்த வேலையத் தொலைச்சுட்ட."

ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"ஆமாக்கா" என்றேன்.